பார்க்க முடியாமையும் புரியாமையும்

"அவருக்கு ஒண்ணும் புரியலை." பெரியப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் அவர் எதிரிலேயே சொல்வார்கள். இதற்கு மாற்றாக, ஆறுதல் சொல்வதற்கென்றே இன்னொன்று உண்டு: "உடம்புதான் ஒத்துழைக்கலை, புத்தியெல்லாம் பத்திரமா இருக்கு." இரண்டையும் சொல்பவர்கள் பிரியத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் சில வருஷங்களாக இந்த இரண்டுமே என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றன. முதலாவது, அவரை அந்த அறையில் இல்லாதவராக்கிவிடுகிறது. இரண்டாவது, அவருக்குள் உண்மையிலேயே சிதைந்துபோனதை நாங்கள் பார்க்கவிடாமல் செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சமாவது பிடிபட்டது, ஒரு நரம்பியல் மருத்துவர் அவருடைய கண்களை உட்கார்ந்து நிதானமாகப் பரிசோதித்த நாளில்தான்.

பெரியப்பா கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருந்தவர். சட்டையும் பேன்ட்டும் மட்டும்தான் தைப்பார். அதில் அவருக்கு ஒரு பிடிவாதமே உண்டு. நாள் முழுக்கக் குனிந்த தலை, ஊசி முனையில் கண். நோய் முதலில் தொட்டது அந்தக் குனிந்த பார்வையைத்தான் என்பது இப்போது விளங்குகிறது. கடையில் காஜா எடுக்கிற பையன்தான் முதலில் கவனித்தான். "மாஸ்டர், பாக்கெட் ரெண்டு நூல் இறங்கிப்போச்சு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னானாம். பிறகு வீட்டில் பெரியம்மா கவனித்தார்: தட்டில் எதிர்ப்பக்கம் இருக்கும் கூட்டைச் சாப்பிட்டுவிடுவார், தன் நெஞ்சுக்குக் கிட்டே வைத்த பொரியல் அப்படியே கிடக்கும். சட்டையில் ரசம் சிந்தும். ஒரு பொட்டு அழுக்கு படியாமல் வெள்ளைச் சட்டை போட்ட மனிதருக்கு இது. கண்ணாடியை மாற்றினோம். கீழ்ப்பாதியில் வாசிக்கிற பவர் வைத்த பைஃபோக்கல் கொடுத்தார்கள். அந்தக் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கக் கண் கீழே இறங்கியாக வேண்டுமே. அதனால் தொல்லை கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு விழ ஆரம்பித்தார். தடுக்கி அல்ல, கை ஊன்றாமல், பின்பக்கமாக.

கூடவே முகமும் மாறியது. இமைகள் மேலே இழுத்துக்கொண்டு, நெற்றி சுருங்கி, எப்போதும் எதையோ கண்டு திகைத்தவர் மாதிரி ஆனார். நாமெல்லாம் நிமிடத்துக்கு 15, 20 முறை இமைக்கிறோம். அவர் இமைப்பதை எதிரே உட்கார்ந்து காத்திருந்துதான் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளைகள் "தாத்தா முறைக்கிறாரு" என்று கிட்டே போக மறுத்தன. காலில் விழுந்து கும்பிட்டவர்களைக் குனிந்து பார்க்காததால் "மனுஷனுக்கு ஒரு மரியாதை இல்லை" என்று சொந்தத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். நம் வீடுகளில் பார்வைக்கு எவ்வளவு அர்த்தம் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அன்பு, அலட்சியம், திமிர், மயக்கம், எல்லாவற்றையும் கண்ணில்தான் தேடுகிறோம். கண்ணைத் திருப்பும் வழி பழுதானால் அத்தனையும் தப்பாக வாசிக்கப்படுகிறது.

உள்ளூர் மருத்துவர் பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா எழுதிக்கொடுத்தார். ஆரம்ப வருஷங்களில் இதைப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை பெரிதாக வேலை செய்யவில்லை. கை நடுக்கமும் இல்லை. அண்ணன்தான் விடாப்பிடியாகத் திருச்சிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன்.

கண் கீழே இறங்கும் வழி

அந்த மருத்துவர், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, ஸ்கேன் உறையைப் பிரிக்கவே இல்லை. பெரியப்பாவுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, தரையைப் பாருங்க" என்றார். பெரியப்பாவின் தலை லேசாக அசைந்தது. கண்கள் அசையவில்லை. "கூரையைப் பாருங்க." கொஞ்சம் போயிற்று, மெதுவாக. இடம், வலம் இரண்டும் பரவாயில்லை. பிறகு அவர் ஒரு விரலைப் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நிறுத்தி, "இந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கையால் அவர் தலையைப் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தார். விரலைப் பற்றியிருந்த கண்கள், குழிக்குள் அழகாகக் கீழே இறங்கின. ஒரு நிமிடம் முன்னால் தரையைப் பார்க்க முடியாத அதே கண்கள்.

"தசை நல்லா இருக்கு. தசைக்குப் போற நரம்பும் நல்லா இருக்கு. மேலேர்ந்து கட்டளை வரலை" என்றார் எங்களிடம். தலை அசைவதை உள்காது உணர்ந்து கண்ணுக்குச் சொல்லி அனுப்பும் பாதை வேறு. நாமாக நினைத்துக் கண்ணைத் திருப்பும் பாதை வேறு. முதலாவது பிழைத்திருக்கிறது, இரண்டாவது அறுந்திருக்கிறது. கண்ணை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் செய்வதற்கென மூளைத்தண்டில் தனி நரம்புக் கொத்துகள் இருக்கின்றன. பக்கவாட்டுத் தாவலுக்கானவை கீழே பான்ஸ் பகுதியில். மேல் கீழ் தாவலுக்கானவை அதற்கு மேலே நடுமூளையில். ஒரு வரியை வாசிக்கையில் நொடிக்கு மூன்று முறை போலக் கண் இப்படித் தாவுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. பெரியப்பாவுக்கு வந்திருக்கும் நோயில் டௌ என்ற புரதம் முடிச்சுகளாகச் சேர்ந்து நடுமூளையைக் கரைக்கிறது. முதலில் தாவலின் வேகம் குறையும், பிறகு தூரம் குறையும், பிறகு கண் நின்றுவிடும். நோயின் பெயர் ப்ரோக்ரெசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி. சுருக்கமாக பி.எஸ்.பி.

இந்த நோயை உலகுக்குச் சொன்னவர்கள் டொரோண்டோவில் இருந்த மூன்று பேர்: ரிச்சர்ட்சன், ஸ்டீல், ஓல்ஷெவ்ஸ்கி. ரிச்சர்ட்சனின் நண்பர் ஒருவர், வியாபாரத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர், தடுமாற்றம், பார்வைத் தொல்லை, லேசான மறதி என்று அவரிடம் வந்திருக்கிறார். அதே மாதிரி வேறு சிலரும் வந்தபோது இது ஏற்கெனவே தெரிந்த எந்த நோயிலும் அடங்கவில்லை என்று அவர் உணர்ந்தார். ஸ்டீல் அப்போது பயிற்சி மருத்துவர். ஓல்ஷெவ்ஸ்கி மூளைத் திசுக்களை ஆராய்ந்தவர். 1964-ல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையின் நீளமான தலைப்பிலேயே மேல் கீழ் பார்வை முடங்குவதும் டிமென்ஷியாவும், அதாவது நினைவும் சிந்தனையும் சிதைவதும், ஒன்றாக இடம்பெற்றிருந்தன. கண்ணும் சிந்தனையும் சேர்ந்தே பழுதாகின்றன என்பதை முதல் நாளிலேயே அவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதை இரண்டாகப் பிரித்து, கண் தனி, புத்தி தனி என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இப்படிப் பிரித்துப் பேசும் பழக்கம் பழையது. லண்டனின் ஹாக்ஸ்டனில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு பேரை வைத்து நடுக்குவாதத்தைப் பற்றி எழுதியபோது, புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்று சேர்த்து எழுதினார். ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. "புத்தி பத்திரமா இருக்கு" என்று நாங்கள் சொல்லும் ஆறுதலுக்கு அங்கிருந்தே ஒரு வேர் இருக்கிறது. சிட்னியில் பார்க்கின்சன் நோயாளிகள் 136 பேரை நோயின் ஆரம்பத்திலிருந்து தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2008-ல் சொன்னது இது: இருபது வருஷம் கழித்தும் உயிரோடிருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. இதைப் படிக்கிற, வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருக்கிற யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பலருக்கு நோய் வந்து பல வருஷங்களுக்குப் பிறகே அது நடக்கிறது. ஆனால் வராது என்று நம்பிக்கொண்டிருந்தால், வரும்போது அதை முதுமை என்றோ பிடிவாதம் என்றோ தள்ளிவிடுவோம். நடுக்கத்துக்கென்று கொடுக்கப்படும், அறிவைக் கூடுதலாக மங்கச் செய்யும் டிரைஹெக்சிபெனிடில் மாதிரியான மாத்திரையை வயதானவர்கள் வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பதும் இதனால்தான். யாராவது உட்கார்ந்து, இது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இன்ச் டேப்

அந்த அறையில் அடுத்து நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மருத்துவர் இரண்டு கைகளையும் பெரியப்பாவின் இடமும் வலமுமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒரு கையில விரல் ஆடும். நீங்க ஆடாத கையைப் பார்க்கணும். என்ன செய்யணும், சொல்லுங்க பார்ப்போம்." பெரியப்பா நேரம் எடுத்துக்கொண்டு, குழறலாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "ஆடாத விரல்." வலது விரல் ஆடியது. கண்கள் வலது பக்கமே போயின. "ச்சே" என்றார். மறுபடி. மறுபடியும் ஆடின விரலுக்கே. ஒவ்வொரு தடவையும் தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கண் நிற்கவில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு வரலாறு உண்டு. திடீரென்று தோன்றும் பொருளைப் பார்க்காமல் அதற்கு எதிர்ப்பக்கம் கண்ணைத் திருப்பச் சொல்லும் முறையை 1978-ல் ஹாலெட் என்பவர் டொரோண்டோவிலேதான் விவரித்தார். 1985-ல் மாண்ட்ரியலில் கீட்டனும் அவரது சகாக்களும் முன்மூளையில் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். அவர்களால் கண்ணைத் தடுக்க முடியவில்லை. ஏன் என்பதற்கு விடையின் ஒரு பகுதி குரங்குகளிடமிருந்து கிடைத்தது. ஹிகோசாகா, வுர்ட்ஸ் இருவரும் அமெரிக்காவின் பெதஸ்தாவில் செய்து 1983-ல் வெளியிட்ட ஆய்வுகளில், நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் கருநிறப் பகுதியில் ஒரு பிரிவின் நரம்பணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருப்பதைக் கண்டார்கள். கண்ணைத் தாவச் செய்யும் மேட்டுப் பகுதியை அவை பிரேக் போட்டு அழுத்திப் பிடித்திருக்கின்றன. பார்க்க வேண்டியது எது என்று முடிவானதும் அந்தத் துடிப்பு ஒரு கணம் நிற்கும், பிரேக் தளரும், கண் பாயும். பிரேக்கை எப்போது தளர்த்துவது, எப்போது கூடாது என்று சொல்வது முன்மூளையும் அதோடு வளையமாகக் கோத்திருக்கிற அடிமூளை முடிச்சுகளும்தான். இதே வளையங்கள்தான் நினைத்ததைத் தொடங்குவது, தொடங்கியதை நிறுத்துவது, ஒரு யோசனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவற்றையும் நடத்துகின்றன. பார்க்கின்சன் நோயில் கண்ணின் தாவல் குட்டையாகிறது. கொஞ்ச நேரம் முன்னால் ஒளி தோன்றி மறைந்த இடத்தை நினைவிலிருந்து பார்க்கச் சொன்னால் இலக்குக்கு முன்னாலேயே கண் நின்றுவிடுகிறது. சிந்தனை தளரத் தளர எதிர்ப்பக்கம் பார்க்கும் சோதனையில் தவறுகளும் கூடுகின்றன. பி.எஸ்.பி.யில் இது இன்னும் சீக்கிரம், இன்னும் கடுமையாக நடக்கிறது.

பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நாற்காலியிலிருந்து அவர் எழும் விதம் பளிச்சென்று விளங்கியது. "மெதுவா எழுந்திருங்க, கையைப் பிடிச்சுக்கோங்க" என்று பெரியம்மா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். தலையாட்டுவார். அடுத்த நொடி, யாரையும் பிடிக்காமல் விருட்டென்று எழுந்து, பின்னால் சாய்ந்து விழுவார். வேண்டுமென்றே செய்கிறார், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. ஆடிய விரலுக்குக் கண் ஓடியதற்கும் இதற்கும் நடுவில் என்ன வித்தியாசம்? சொன்னது புரிந்தது. நினைவும் இருந்தது. தடுக்கத்தான் முடியவில்லை.

மருத்துவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு இன்ச் டேப்பை எடுத்தார். கோடுகள் கண்ணெதிரே மேலிருந்து கீழாக ஓடும்போது கண் எப்படித் தொடர்ந்து, எப்படித் திரும்பத் தாவுகிறது என்று பார்ப்பதற்கு. டேப் நகர்ந்தது. பெரியப்பாவின் கண்கள் கொஞ்சம் கீழே போய், திரும்பத் தாவாமல் அங்கேயே நின்றன. மருத்துவர் டேப்பை மடியில் போட்டுவிட்டு ஏதோ எழுதத் தொடங்கினார். அப்போது பெரியப்பாவின் கை நீண்டது. டேப்பை எடுத்தார். யாரும் சொல்லவில்லை. முன்னால் சாய்ந்து மருத்துவரின் ஒரு தோள் முனையில் டேப்பின் பித்தளை நுனியை வைத்து, கழுத்துக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து மறு தோளில் இழுத்துப் பிடித்தார். அண்ணன் பதறி எழுந்தார். மருத்துவர் கண்ணாலேயே அவரை உட்கார வைத்தார். பெரியப்பா கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்த இடத்தை விடாமல், டேப்பைத் தன் முகத்துக்கு நேரே தூக்கினார். கண்ணைக் கீழே இறக்க முடியாதவர், எண்ணைக் கண்ணுக்கு ஏற்றிக் கொண்டுவந்தார். "பதினாலே முக்கால்" என்றார்.

அளவு சரியாகவே இருந்திருக்கும். அந்த விஷயத்தில் அவர் தப்புச் செய்து நான் பார்த்ததில்லை. மருத்துவர் டேப்பை வாங்கவில்லை, அவர் கையிலேயே விட்டுவிட்டார். கண்ணெதிரே கிடக்கும் பொருளை, யாரும் கேட்காமலே எடுத்து அதற்குரிய விதத்தில் உபயோகிக்கத் தொடங்குவதை 1983-ல் பிரெஞ்சு நரம்பியலாளர் லெர்மித் முன்மூளைப் பாதிப்பின் அடையாளமாக விவரித்திருக்கிறார். மருத்துவர் அதைத்தான் எங்களிடம் விளக்கினார். டேப் கையை அழைத்தது, கை போயிற்று. ஆனால் அதே நிமிடத்தில் நாற்பது வருஷத் தொழில் முழுசாக வெளியே வந்ததும் உண்மை. தோளின் முனை எது, டேப் தளரக் கூடாது, நகத்தால் குறித்துக்கொள்ள வேண்டும், பார்வை இறங்காவிட்டால் டேப்பை ஏற்ற வேண்டும், அத்தனையும் அவருக்குள் இருந்தன. ஒரே செயலில் அறிவும் தெரிந்தது, அறிவை ஆளும் பிடி நழுவியிருப்பதும் தெரிந்தது. "ஒண்ணும் புரியலை" என்பவர்களுக்கும் "புத்தி பத்திரம்" என்பவர்களுக்கும் அந்த அறையில் இடமில்லாமல் போயிற்று.

பிறகு சில சோதனைகள். மூன்று முறை கை தட்டச் சொன்னார். பெரியப்பா மூன்றோடு நிறுத்தவில்லை. 'ப'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் சொல்லச் சொன்னார். "பட்டன்... பாக்கெட்... பாலியஸ்டர்." அதற்கு மேல் வரவில்லை. நிமிடம் முடிந்தது, மருத்துவர் எண்ணைக் குறித்தார். எல்லாம் முடிந்து வெளியே ஆட்டோவில் அவரை ஏற்றி உட்காரவைத்து, அண்ணன் பணம் பேசிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா "பருத்தி" என்றார். கொஞ்ச தூரம் போனதும் "பட்டு". யாரும் கேட்காமல், யாருக்கும் அல்லாமல்.

தாள் மேஜையில் கிடந்தால்

அந்தப் "பருத்தி"யை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 1974-ல் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட்டும் அவரது சகாக்களும் இதே பி.எஸ்.பி. நோயாளிகளின் சிந்தனையை ஆராய்ந்தார்கள். மறதி, மந்தம், ஆர்வமின்மை, தெரிந்ததைக் கையாள முடியாமை என்று ஒரு வடிவத்தைக் கண்டு அதற்கு மூளைப்புறணிக்கு, அதாவது மூளையின் வெளி அடுக்குக்கு, கீழிருந்து வரும் டிமென்ஷியா என்று பெயர் வைத்தார்கள். வழக்கத்தைவிட மிக அதிக நேரம் கொடுத்தால் பல கேள்விகளுக்கு இவர்கள் சரியான விடை சொல்லிவிடுகிறார்கள் என்றும் எழுதினார்கள். அல்சைமரில் நினைவு சேமிக்கப்படுவதிலேயே கோளாறு. இங்கே சேமித்தது பெரும்பாலும் இருக்கிறது. எடுத்து வருவதற்கு நேரமாகிறது. வீட்டில் நாம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? நான் மற்றவர்களைக் கவனித்துப் பார்த்தேன். இரண்டு மூச்சு விடும் நேரம். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்கிறோம், அல்லது நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். முதல் கேள்விக்கான பதில் அவருக்குள் பாதி வழி வந்திருக்கும்போது இரண்டாவது கேள்வி வந்து அதைக் கலைத்துவிடுகிறது.

கண் சிக்கலும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அறிவைச் சோதிக்கும் வழக்கமான தாள்களை எடுத்துப் பாருங்கள். எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணை, கனசதுரத்தைப் பார்த்து வரை, கடிகாரம் வரை, இதைப் படித்து அதன்படி செய். எல்லாமே மேஜைமேல் கிடக்கும் தாளில், மூக்குக்குக் கீழே. கீழே இறங்காத கண்ணுக்கு அந்தத் தாள் அங்கே இல்லை. பக்கவாட்டில் தாவல் மெதுவாகி, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இறங்க முடியாமல் தவிப்பவர் இழக்கும் மதிப்பெண்ணும் அறிவின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. கை நடுக்கமோ விறைப்போ இருந்தால் அதுவும். கடைசியில் முப்பதுக்கு இத்தனை என்று ஓர் எண் கோப்பில் ஏறுகிறது. அதற்குப் பிறகு எல்லோரும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பி.எஸ்.பி.க்கென்றே கோல்ப் என்ற மருத்துவர் 2007-ல் வெளியிட்ட நூறு மதிப்பெண் அளவுகோல் கண் அசைவுக்கும் சிந்தனைக்கும் தனித்தனிப் பகுதி வைத்திருக்கிறது. அகச்சிவப்புக் கேமராவால் கண்ணின் தாவலை அளக்கும் கருவிகள் ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கின்றன. கூட்டமாக எடுத்த நோயாளிகளுக்கிடையே அவை காட்டும் வித்தியாசம் தெளிவானது. ஒரு தனி மனிதரை எதிரில் வைத்துக்கொண்டு, இவருக்கு இதுதான் என்று அறுதியிடுவதற்கு இன்றைக்கும் அனுபவமுள்ள ஒரு மருத்துவரின் விரலும் பொறுமையும் வேண்டும். திருச்சி மருத்துவர் தாளைக் கையில் எடுத்து, பெரியப்பாவின் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துத்தான் படிக்கச் சொன்னார். கோப்பில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், கீழ்நோக்கிய பார்வை இல்லை, தாள் உயர்த்திக் காட்டப்பட்டது, கூடுதல் நேரம் தரப்பட்டது என்று எழுதினார். எல்லா மருத்துவமனையிலும் அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அது செலவில்லாத காரியம்.

ஏனென்றால் மருத்துவமனைக்கு வெளியே அந்த எண் எவ்வளவு தூரம் பாயும் என்பதை நாங்கள் பார்த்தோம். ஒரு கையெழுத்துக்காகப் பெரியப்பாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். அதிகாரி தாளை மேஜையில் வைத்து, "இங்கே போடுங்க" என்று விரலால் தட்டினார். பெரியப்பா நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை தட்டினார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "சுயநினைவோடதான் இருக்காரா? மெடிக்கல் சர்டிபிகேட் ஏதாவது இருக்கா?" என்றார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் ஒரு ஃபைலின் மேல் தாளை வைத்துப் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் படித்தார். முழுவதும் படித்தார், எனக்குக் கை வலித்தது. பிறகு கையெழுத்தாகப் பொடிப்பொடி எழுத்தில் தன் பெயரையும், அதற்குக் கீழே கேட்காமலே கடையின் பெயரையும் எழுதினார்.

இப்போது நாங்கள் அவர் செய்யாத ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்டுக்கொள்கிறோம். பார்க்க முடியவில்லையா, தொடங்க முடியவில்லையா, நிறுத்த முடியவில்லையா, நிஜமாகவே தெரியவில்லையா? முதல் மூன்றுக்கும் கொஞ்சமாவது வழி இருக்கிறது. தட்டின் அடியில் ஒரு பலகை போட்டு உயர்த்திவிட்டோம், பொரியலும் காலியாகிறது. பைஃபோக்கலை மாற்றி, வாசிக்க ஒன்று, நடக்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி. பேப்பரைக் கண்ணுக்கு நேரே நிறுத்த ஒரு தாங்கி. பேசுகிறவர்கள் நின்றுகொண்டு பேசாமல் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேச வேண்டும். எழுந்திருக்காதீர்கள் என்று சொல்வதைப் பெரியம்மா விட்டுவிட்டார். பகலில் எப்போதும் யாராவது ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். அவரைத் திட்டுவது நின்றதே பெரிய மாற்றம். நோய் நிற்கவில்லை. பக்கவாட்டுப் பார்வையும் இப்போது குறைந்துவருகிறது, விழுங்கும்போது புரையேறுகிறது. அதைத் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. தாமதமாக வந்த பதிலை நம்பலாம் என்று கற்றுக்கொண்டோம். ஆனால் சட்டென்று வரும் பதிலை? டேப்பைப் பார்த்ததும் கை போனது மாதிரி, கேட்டதும் "சரி" என்று வாயில் வருவது எது, யோசித்து வருவது எது? ஊரில் இருக்கும் பூர்வீக மனையை விற்பதா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது. விற்கலாமா என்று கேட்டவர்களிடம் சரி என்றார். விற்க வேண்டாமே என்றவர்களிடமும் சரி என்றார், அதே வேகத்தில். மருத்துவரிடம் கேட்டபோது, முக்கியமான எதையும் ஒரே தடவையில் முடிக்காதீர்கள், வேறு வேறு நாளில், கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள், ஆமாம் இல்லை என்று முடியாத மாதிரி கேளுங்கள் என்றார். அப்படியே செய்தோம். மனை விஷயத்தில் பதில் நிலைக்கவே இல்லை; அதை அப்படியே போட்டுவிட்டோம். கடையில் இருக்கும் பழைய தையல் மெஷினை என்ன செய்வது என்றும் கேட்டோம். அண்ணன் ஒரு தடவை, பெரியம்மா ஒரு தடவை, நான் ஒரு தடவை, தனித்தனியாக, தனித்தனி வார்த்தையில். ஒவ்வொரு முறையும் டீ ஆறிப்போகிற அளவுக்கு நேரமாயிற்று. ஒவ்வொரு முறையும் காஜா பையனின் பெயரைச் சொன்னார். எனக்குச் சொன்னபோது, வீல் பெல்ட்டை மாற்றிவிட்டுக் கொடு என்றும் சேர்த்துக்கொண்டார். பெல்ட்டை மாற்றி, மெஷினை அவன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.